சகாயத்தின் வலது கை

சிப்பித்துறைக்குச் சகாயத்தின் வலது கை முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கை வந்ததைவிட வாழைக்காய் பஜ்ஜியில் உப்பு கூடிப்போனதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதி ஊர் கப்பலிலும் மீதி ஊர் வளைகுடாவிலும் இருக்கிற இடம் அது. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு ஆண்பிள்ளையின் குரல் மட்டும் போனில் வந்து போகும், வசதி கூடியபோது முகமும் வந்தது, ஆகவே ஒருநாள் கையும் வந்தபோது, வரக்கூடாத ஒன்று வந்துவிட்டதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்தது ஜெனோவாவின் மேசைக்கு. ஜெனோவா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெங்களூரில் ஏழு வருஷம் வேலை பார்த்தபோது விடுதித் தோழிகளிடம் ஒரு கதையாட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஊர் திரும்பியபோது துணிமணிகளோடு அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, நான் இந்தக் கதவை உடைக்கிறேன், நான் அந்த ராஜாவிடம் பொய் சொல்லுகிறேன் என்பார்கள். இருபது முகமுள்ள பகடையை உருட்டினால் கதவு உடைந்ததா, பொய் பலித்ததா என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம். அதற்காக அவள் ஏழு துறைமுகங்கள் கொண்ட ஒரு தீவை உண்டாக்கி, அதன் காற்றுக்கும் கலகத்துக்கும் பெயர் வைத்திருந்தாள். அம்மா செத்த பிறகு, மூடிக் கிடந்த தட்டச்சுப் பள்ளியின் மாடியைப் பிடித்து, ஞாயிறுதோறும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை அந்தத் தீவில் மூன்று பேரை நடமாட விட்டாள்: எலக்ட்ரீசியன் தாசன், செல்போன் ரிப்பேர் கடை முபாரக், பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பில் இருந்த சகாயம். சகாயம் தீவில் உப்புக் கடத்துகிறவன். கடத்திய உப்பைக் கஞ்சிக்கு உப்பில்லாதவர்களுக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அதில் அவனுக்கு ஒரு குஷி.

அந்தச் சகாயம் மனைவி ரெஜினாவையும் இரண்டரை வயது மகள் ரோஸ்லினையும் விட்டுவிட்டு தோஹாவுக்குக் கிரேன் ஓட்டப் போனான். போனாலும் ஆட்டத்தை விடமாட்டேன் என்றான். விமானம் இறங்கி வேலையில் சேர்ந்து, ஞாயிறு பகல் காலியாக இருக்கும்படி ராத்திரி ஷிப்டைக் கேட்டு வாங்கியதும், அவன் நாற்காலிக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து அதில் போனைச் சாய்த்து, அதற்குள் அவன் முகத்தை வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள்.

முதல் மூன்று ஞாயிறும் கேவலமாகப் போயின. அவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரையில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது, "நான் பாலத்தை வெட்டுதேன்" என்று அவன் குரல் வந்து சேரும். எல்லோரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள், எதற்கென்று அவனுக்குத் தெரியாது. தாசன் பஜ்ஜித் தட்டைக் கொண்டுபோய் போனுக்கு நேர் முன்னால் வைத்துவிட்டு மறந்துவிடுவான். ஒரு முழு சண்டையைச் சகாயம் பஜ்ஜியைப் பார்த்தபடி ஆடினான். நான்காம் ஞாயிறு அவன் அழைக்கவில்லை. ஜெனோவாதான் கூப்பிட்டாள்.

"நீங்க ஆடுங்க ஜெனோ," என்றான். "பேசுனா ஒருத்தருக்கும் கேக்க மாட்டேங்கு. செத்தவன் சொந்த வீட்டுக்குள்ள நடமாடுற மாதிரி இருக்கு."

அன்றைக்கு ஜெனோவா ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேசையை மாற்றினாள். மின்விசிறிக் கொக்கியிலிருந்து இன்னொரு போனைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள், தீவின் வரைபடம் அவனுக்கு முழுசாகத் தெரியும்படி. மேசை நடுவில் ஒரு மைக் வைத்தாள். ஒவ்வொரு சுற்றிலும் தூரத்தில் இருக்கிறவன்தான் முதலில் பேச வேண்டும். அவன் பேசி முடித்து மூன்று எண்ணும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பகடையில் என்ன விழுந்தது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவன் நாற்காலியில் யாரும் பையைத் தொங்கவிடக் கூடாது. ஆளுக்கு எத்தனை பஜ்ஜியோ அத்தனை பஜ்ஜி அவன் தட்டிலும் இருக்க வேண்டும். தாசன் முணுமுணுத்தான். "அங்க இருக்கது போனுதான ஜெனோவா?" என்று கேட்டான். "அங்க ஆள் இருக்கு," என்றாள் அவள். அப்படி அவள் ஞாயிறு ஞாயிறாக, மாதம் மாதமாக, ஆள் இருக்கு ஆள் இருக்கு என்றே நடத்திக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், அவனுக்காக உருட்டப் பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தபோது, "இன்னைக்கு நானே உருட்டுதேன்" என்று சொல்லிவிட்டுச் சகாயம் கையை நீட்டினான். ஜன்னல் வழியாக நீட்டுவதுபோல, போனுக்குள்ளிருந்து முழங்கைவரை கை வந்தது. நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம், தோஹா நேரப்படி, இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது. ஜெனோவாவின் உள்ளங்கையிலிருந்து பகடையை எடுத்து உருட்டியது.

"ஏழு," என்றான் முபாரக், விதிப்படி சத்தமாக. "பாலம் விழல."

கை ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. "உப்பு கூடிப்போச்சே," என்று தோஹாவிலிருந்து குரல் வந்தது. பிறகு அதைப் பற்றித்தான் பேச்சு.

ஜெனோவா மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில், வேதியியல் வகுப்பில் கண்ணாடிக் குழாய் வெடித்து அவளுடைய உள்ளங்கை கிழிந்தபோது தன் கைக்குட்டையால் கட்டிவிட்டவன் அவன். அவன் அதை மறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் மறக்கவில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

இரண்டு ஞாயிறு கழித்து ரெஜினா மாடியேறி வந்தாள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதுவரை அந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்தவள்.

"மைனி," என்றாள் ஜெனோவாவைப் பார்த்து, "ஒரு தடவ பிள்ள தலையில கைய வைக்கச் சொல்லுங்க. அப்பாவ அவளுக்கு நெனப்பே இல்ல."

மைனி என்பது அந்த ஊரில் புருஷனின் அக்காவைக் கூப்பிடுகிற சொல். அந்தச் சொல் ஜெனோவாவுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. "வைக்கட்டும்," என்றாள். கை வந்து ரோஸ்லினின் தலையில் அமர்ந்தது, காதைத் தடவியது, மூக்கைப் பிடித்து ஆட்டியது. பிள்ளை அழவில்லை. விரல் ஒவ்வொன்றையும் பிடித்து எண்ணிப் பார்த்தாள், ஐந்து இருக்கிறதா என்று.

அதன் பிறகு ஊர் வந்தது. எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிச் சேருவது என்றுதான் கேட்டார்கள். வீட்டிலிருந்து போன் போட்டால் கை வராது, ஜெனோவாவின் மேசையில், தீவுக்குள் அவரவர் முறை நடக்கும்போதுதான் வரும் என்று தெரிந்ததும், மஸ்கட்டில் வெல்டிங் பார்த்தவர்களும் கப்பலில் எண்ணெய் துடைத்தவர்களும் குவைத்தில் சமைத்தவர்களும் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆட்ட விதிகளைப் படித்து, வீரன் என்றும் மந்திரவாதி என்றும் பெயர் கொடுத்துத் தீவில் வந்து இறங்கினார்கள். பத்துப் போன், இருபது போன், பிறகு நாற்பத்தொரு போன். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை மாடிக்கு ஏற்றினார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு மாலை ஜெபத்தை ஆறரைக்குத் தள்ளிவைத்தார். படிக்கட்டில் ஒருத்தி சுண்டல் போட்டாள். மேசைமேல் வைத்தே ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்த மோதிரம் போடப்பட்டது. போட்ட கை அபுதாபியிலிருந்து வந்திருந்தது. ஒரு கை வயிற்றுப்பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்த்தது. ஒரு கை அம்மாவின் சவப்பெட்டிக்கு மண் போட முடியாமல் போனதற்காக, அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தது. தையல்காரர் வந்து சட்டைக் கைக்கு அளவெடுத்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரே ஒரு விதியைத்தான் முபாரக் சுவரில் எழுதி வைக்க வேண்டியிருந்தது: கை முழுவதும் உள்ளே போன பிறகே சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.

ஆனால் தீவு செத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேரில் கதை கேட்க வந்தவர் யாருமில்லை. தன் முறை வந்ததும், "அடிக்கிறேன்" என்பார்கள். யாரை என்று கேட்டால், "யாரையாவது" என்பார்கள். பகடையை உருட்டிவிட்டு, அந்தக் கை திரும்பிப் போகாமல், பிள்ளையின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருக்கும். போன்களுக்கே மேசை போதவில்லை என்பதால், நேரில் வந்திருக்கிற தாசனுக்கு முதலில் தட்டு போயிற்று, பிறகு நாற்காலி போயிற்று. ஒரு ஞாயிறு அவன் நின்றுகொண்டே ஆடினான். அடுத்த ஞாயிறு வரவில்லை. "இங்க இருக்கவனுக்கு ஒரு விதி போடுவியா ஜெனோவா?" என்று மட்டும் சந்தையில் பார்த்தபோது கேட்டான். முபாரக் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். தூரத்தில் இருக்கிறவன்தான் முதலில் பேச வேண்டும் என்று சொன்னவள் ஜெனோவாதான். அவர்கள் நாற்பத்தொரு பேரும் பேசி முடித்து நேரில் இருக்கிறவனின் முறை வரும்போது மணி ஆறாகிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அவள் ஒரு நோட்டோடு வந்தாள். ஏழாவது துறைமுகம் விழுகிற கதை. மூன்று மாதம் எழுதியது. உப்புக் கடத்துகிறவன் ராஜாவின் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதில் இருந்தது. அந்த இடத்தை ஒரே ஒருத்தனுக்காகத்தான் எழுதியிருந்தாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி வாசித்து, அந்த இடத்துக்கு வந்ததும், "சகாயம், ராஜா உன்னைப் பார்க்கிறான். என்ன சொல்லுவ?" என்று கேட்டாள்.

சகாயத்தின் கை ரெஜினாவின் கன்னத்தில் இருந்தது. ரெஜினா கண்ணை மூடியிருந்தாள்.

"ஜெனோ," என்றான் அவன், "என் முறைய அப்படியே நீட்டி வச்சிரு, என்னா? கதை கிதையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். ஜெனோவா நோட்டை மூடினாள். கோயில் மணி ஆறு அடித்தது.

"மணி ஆறு," என்றாள்.

கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. முபாரக் ஒவ்வொரு போனாக அணைத்துக்கொண்டு வந்தான். கடைசியில் ஒன்றுதான் மிச்சம்.

"ஒரு நிமிசம் மைனி," என்றாள் ரெஜினா, கண்ணைத் திறக்காமல்.

"எல்லாருக்கும் ஆறுதான் ரெஜினா."

"ஒரே ஒரு நிமிசம்."

ரெஜினாவின் இரண்டு கையும் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததை ஜெனோவா பார்த்தாள். கை இன்னும் உள்ளே போகவில்லை என்பதைப் பார்த்தாள். சுவரில் எழுதியிருந்தது அவளுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

ரத்தம் வரவில்லை. முழங்கைக்குக் கீழே, டம்ளரின் அடிப்பாகம்போல வழவழவென்று முடிந்து, கை ரெஜினாவின் மடியில் கிடந்தது. விரல்கள் அசைந்தன. ரெஜினா கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தாள், பிறகு ஜெனோவாவைப் பார்த்தாள். ரெஜினா சேலை முந்தானையில் கையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் படியிறங்கிப் போனாள்.

சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முபாரக் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். ஒயரைச் சுருட்டி முடித்தான்.

"சிக்னல் போயிருச்சு போல," என்றான்.

அந்த மாடியில் முதலில் சொன்னவன் அவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஊரே அதைச் சொன்னது. மறுநாள் சந்தையில், அந்த செல்போன் கோபுரம் எப்பவுமே இப்படித்தான், ஆறு மணியானால் தூங்கிவிடும் என்றார்கள். ஜெனோவாவிடமே வந்து, உன் மேசையில் நடந்ததுக்கு நீ என்னம்மா செய்வ என்று ஆறுதல் சொன்னார்கள். அவளும் ஆமாம், சிக்னல் என்றாள். முதல் தடவை சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பத்துப் பதினைந்து பெண்கள் மூன்று மணிக்கு முன்னாலேயே வந்து, முந்தானையைத் தயாராக மடித்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போன்கூட அடிக்கவில்லை. மஸ்கட்டிலும் குவைத்திலும் கப்பல்களிலும் ஆண்கள் தங்கள் கைகளைத் தாங்களே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிவரை காத்திருந்துவிட்டுப் பெண்கள் எழுந்து போனார்கள். ஜெனோவா மாடியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

சகாயத்தின் கை ரெஜினாவின் வீட்டில் இருந்தது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்தது, பிறகு எழுந்து நடமாடத் தொடங்கியது. தேங்காய் துருவியது. மீன் செதில் உரசியது. ரோஸ்லின் தூங்கும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தது. ரெஜினா காய்ச்சலாகக் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தது. கடிகாரத்தின் முள்ளை யாரோ இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். குடிக்காத, கோபப்படாத, பக்கத்துத் தெருவில் போய்ச் சீட்டு விளையாடாத புருஷன் என்று மற்றப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ரெஜினாவுக்குச் சதை பிடித்தது; முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளும் ஜெனோவாவும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அங்கே, ஒரு கையோடு கிரேன் ஓட்ட முடியாது. சகாயத்தை மூன்று மாதம் ஆணி பொறுக்கும் வேலையில் வைத்திருந்துவிட்டு, கம்பெனிக்காரர்கள் பங்குனியில் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். ஊரே போய் அழைத்து வந்தது. வாசலில் நின்று வலது சட்டைக்கையை மடித்துக்காட்டி, "எங்க அது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அடுப்படியிலிருந்து கை வந்தது. அவன் நீட்டிய முழங்கையில் வந்து ஒட்டவில்லை. வர்ம வைத்தியர் பச்சிலை வைத்து மூங்கில் பட்டையால் மூன்று நாள் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். நான்காம் நாள் விடிகாலையில் கட்டு அவிழ்ந்து கிடந்தது. கை அடுப்படியில் உலை மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசினார். ரோஸ்லின் அப்பாவைக் கண்டால் கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சகாயத்தை வெளிக்கூடத்தில் படுக்க வைத்தார்கள், தூங்கும்போது அவன் கையை நசுக்கிவிடக்கூடாது என்று.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு காலையில் அவன் ஜெனோவாவின் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான்.

"ஒரு லெட்டர் எழுதணும் ஜெனோ. இடது கையில எழுதுனா எனக்கே படிக்க முடியல. போன் கம்பெனிக்கு."

"என்னன்னு?"

"சிக்னல் போனதப் பத்தி. எனக்கு ஒண்ணும் வேண்டாம். கோபுரத்தச் சரிபண்ணச் சொல்லணும், அவ்வளவுதான். இன்னொருத்தனுக்கு இப்படி ஆகக்கூடாதுல்லா?"

ஜெனோவா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சகாயம்," என்றாள். "அன்னைக்கு நான்தான்..."

"நீ ஏன் இப்ப அழுத? உம் மேல என்ன தப்பு?" என்றான் அவன் பதறி. "அங்க ரூம்ல எல்லாரும் சொன்னானுவ, யாரோ கட் பண்ணிட்டாங்கடேன்னு. அடிச்சிருப்பேன் ஒருத்தன. எனக்கு நாற்காலி போட்டு வச்சவ ஜெனோவா, அவ அப்படிச் செய்வாளான்னு கேட்டேன். நீ எழுது."

அவள் எழுதினாள். அவன் சொல்லச் சொல்ல, தேதியும் நேரமும் போட்டு, கோபுரத்தின் கோளாறினால் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று, பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினாள். வாசித்துக்காட்டச் சொன்னான். வாசித்தாள்.

"பாஸ்போர்ட்ல இருக்க கையெழுத்துதான் செல்லும்," என்று அவளையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ரெஜினா நடுவீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கையும் உருவிக்கொண்டிருந்தது. ஜெனோவாவைப் பார்த்ததும் ரெஜினா எழுந்தாள். கடிதத்தை வாங்கி, நின்றபடியே, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் படித்தாள். சகாயம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க மைனி," என்றாள் ரெஜினா. நான்கு மாதத்தில் அவள் ஜெனோவாவிடம் பேசிய முதல் பேச்சு அது. "உக்காருங்க. டீ போடுதேன்."

கடிதத்தைத் தரையில் விரித்துப் பேனாவைப் பக்கத்தில் வைத்தாள். ஜெனோவா அந்தக் கையைப் பார்த்தாள். அன்று மேசையில் அதுவும் இருந்தது. யார் பிடித்தார்கள், எது அறுத்தது என்று அதைவிடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பேனாவைத் தள்ளிவிடும் என்று ஒரு கணம் நம்பினாள். தள்ளிவிட வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

கை விரல்களில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டது. பேனாவை எடுத்தது. கொஞ்சமும் தயங்காமல், சுழித்து, கடைசிக் கோட்டை நீட்டி இழுத்து, கையெழுத்துப் போட்டது. போட்டுவிட்டுத் திரும்பிக் கீரைக்குப் போயிற்று.

சகாயம் குனிந்து அதைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ஜெனோ," என்றான். "எங்கையெழுத்து கொஞ்சங்கூட மாறவேயில்ல."